யார் வீட்டுப் பாரம்பரியம்?

போன வருசம் ஒரு கட்டடக்கலைக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். நவீன பாணி, உள்ளூர் மரபு, நடைமுறை வசதி மூன்றையும் ஒரே வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் பேச்சு. நான் கட்டடக்கலைஞன் இல்லை. அப்பா மேஸ்திரி, அம்மா சித்தாள், நான் டிப்ளமோ முடித்த சைட் சூப்பர்வைசர்; ஒரு தலைமுறையில் எங்கள் குடும்பம் ஏறிய சாரம் இவ்வளவுதான். நண்பர் ஒருவர் கூப்பிட்டார், போனேன். திரையில் ஒரு கூரை வீட்டின் படம் வந்தது. மண் சுவர், பனை வாரை, கரும்புத் தோகை வேய்ந்த கூரை, சாணம் மெழுகிய தரை. பேசியவர் சொன்னார், சூழலைக் கொஞ்சமும் கெடுக்காத கட்டடம் இது, இதைக் கட்டியவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டும் என்று. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது: இது எங்க வூடாச்சே.

எங்கள் வீடே இல்லைதான். ஆனால் அச்சு அசல் அதே வீடு. குனிந்துதான் நுழைய வேண்டும். அந்த வாசலின் உயரத்தை 'மனித அளவுக்கு இசைந்த வடிவம்' என்று விளக்கினார் பேச்சாளர். எங்கப்பா அஞ்சே முக்கால் அடி. அவர் நெற்றியில் அந்த 'இசைவு' தழும்பாக இருந்தது.

அந்த வீட்டை விட்டு வெளியே வர எங்கம்மா இருபது வருசத்துக்கு மேல் பாடுபட்டுச்சு. ரெண்டு வருசத்துக்கு ஒரு தரம் கூரை மாற்றணும். மாற்ற ஆகும் செலவுக்கு முன்பணம் வாங்கணும். முன்பணம் கொடுத்தவன் தோட்டத்துக்குக் கரும்பு வெட்டப் போகணும். கூரைக்கு மேல் கிடக்கிற தோகையும் அவன் கொல்லையில் வெட்டியதுதான். அடுப்புப் புகை கூரையில் படிந்து செல்லரிக்காமல் காக்கும் என்று அந்தக் கருத்தரங்கில் ஒரு பெண் பேராசிரியர் சொன்னார். உண்மைதான். அதே புகை எங்க ஆயாவின் நெஞ்சிலும் படிந்தது. அதை எந்தப் பூச்சியும் அரிக்கவில்லை, இருமலே அரித்துத் தின்றுவிட்டது.

கூரை என்றால் எங்கள் ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது குளிர்ச்சி அல்ல, நெருப்பு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஓடி ஒளிந்த 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துத்தான் எரித்தார்கள். மண் சுவரும் கீற்றுக் கூரையும் கொண்ட குடிசை. இதைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் எவரும் 'கீற்றுக் கூரையின் அழகியல்' பற்றிப் பேசக்கூடாது என்பது என் கட்சி. பேசினால் அந்தப் பேச்சு பாதிப் பேச்சு.

'பாரம்பரியக் கட்டடக்கலை' என்ற சொல் இன்று நல்ல விலை போகிற சரக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கிற விடுதிகளைப் பாருங்கள். முற்றம், திண்ணை, தூண், ஆத்தங்குடிக் கல், சீமை ஓடு, வாசலில் ஒரு பழைய உரல். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்து எடுத்து வந்த கதவுகளும் தூண்களும் இன்னொருவர் வரவேற்பறையில் நிற்கின்றன. நல்ல மரம், நல்ல வேலை, அதில் சந்தேகமில்லை. அந்தத் தச்சரின் கையை நான் கும்பிடுவேன். என் கேள்வி வேறு. அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள்? அந்த முற்றம் வரைக்கும் யார் போக முடிந்தது? கொல்லைப்புறத்துக்குத் தனி வழி எதற்காக வைத்தார்கள்? பழைய நகரங்களில் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான சந்து ஓடுமே, அது காற்று வரவா? மலம் அள்ளுகிறவர் முன்வாசல் பக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே வரைபடத்தில் போட்ட சந்து அது. சாதி மனதில் மட்டும் இருக்கிற சங்கதி என்று சொல்கிறவர்கள் ஒரு வீட்டின் வரைபடத்தைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். சுவர் எங்கே நிற்கிறது, வாசல் எங்கே திறக்கிறது, தண்ணீர்ப் பானை எந்தப் பக்கம் இருக்கிறது, எல்லாம் அதில் தெரியும்.

வாஸ்து சாஸ்திரத்தைச் சிலர் 'நம் முன்னோர் அறிவியல்' என்று தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். மயமதம், மானசாரம் போன்ற நூல்கள் மனை மண்ணின் நிறத்தையே வர்ணத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கின்றன. வெள்ளை ஒருவருக்கு, சிவப்பு ஒருவருக்கு, மஞ்சள் ஒருவருக்கு, கறுப்பு ஒருவருக்கு. நாலு நிறத்தோடு கணக்கு முடிந்துவிட்டது. ஐந்தாவது ஆளுக்கு ஊருக்கு வெளியே, தள்ளி. நம் ஆட்களே இப்போது வாஸ்து பார்த்து வாசலை மாற்றுகிறார்கள். குபேர மூலை, அக்கினி மூலை என்று என்னிடமே கேட்கிறார்கள். ஊரே எங்களை ஒரு மூலையில் வைத்திருக்கிறது, அதற்கு என்ன பரிகாரம் என்று திருப்பிக் கேட்பேன். சிரித்துவிட்டு வாசலை மாற்றித்தான் வைப்பார்கள். அது இருக்கட்டும்.

வில்லியம் லோகன் 1887இல் எழுதிய மலபார் மேனுவலில் ஒரு பகுதி உண்டு. வீடு என்பதற்கு மலையாளத்தில் எத்தனை சொல் என்று அடுக்குகிறார். நம்பூதிரி இருந்தால் இல்லம், பெரிய நம்பூதிரி என்றால் மனை, அரசன் என்றால் கோவிலகம், சாதாரண நாயருக்கு வீடு, கோயில் வேலைக்காரருக்கு வாரியம், கைவினைச் சாதிகளுக்குப் புர அல்லது குடி, பறையருக்குச் சேரி, செறுமருக்குச் சாள. உள்ளே இருக்கிற ஆளின் சாதி தெரியாமல் 'உன் வீடு' என்றுகூடச் சொல்ல முடியாத மொழி. ஓடு போடவும் அங்கே எல்லோருக்கும் உரிமை இருந்ததில்லை. தமிழ்நாடு ஒன்றும் யோக்கியம் இல்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பக்கம் ஆதிக்க சாதியார் எட்டுத் தடைகளைப் போட்டார்கள். ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். நகை போடாதே, சட்டை போடாதே, குடை பிடிக்காதே, செருப்பு மாட்டாதே என்கிற வரிசையில் ஒன்று: வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. மண்பானைச் சமையல் இப்போது ஆரோக்கியம் என்று விற்கிறார்கள் அல்லவா, அதே மண்பானைதான். ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கிறவனுக்கு அது மரபு. வேறு எதையும் தொடாதே என்று சொல்லப்பட்டவனுக்கு அது தண்டனை. பொருள் ஒன்றே.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. எங்கம்மா சொல்லிக் கொடுத்ததுதான்.

2016 வாக்கில் அம்மா பேருக்கு ஒரு அரசு வீடு ஒதுக்கினார்கள். அப்போது நான் லாரி பேக்கர் பைத்தியம் பிடித்துத் திரிந்த நேரம். இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, 1945இல் இந்தியாவுக்கு வந்து, பின்னாளில் திருவனந்தபுரத்தில் தங்கி, 2007இல் இறந்தவர். உள்ளூரில் கிடைக்கிற செங்கல், சுண்ணாம்பு, உடைந்த ஓடு இவற்றை வைத்தே மலிவாகக் கட்டலாம் என்று கட்டிக் காட்டினார். உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் அவர் கட்டியது. நேரில் போய்ச் சுற்றிப் பார்த்திருக்கிறேன். ஓட்டையிட்ட செங்கல் சுவர் வழியாக வெளிச்சமும் காற்றும் சலித்து இறங்குகிறது. மத்தியான வெயிலில் உள்ளே மின்விசிறி இல்லாமல் உட்கார முடிந்தது. ஒரு மேஸ்திரி மகனுக்கு அதைவிடப் பெரிய கோயில் கிடையாது.

ஊருக்கு வந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து படம் வரைந்தேன். சரிந்த சீமை ஓட்டுக் கூரை, பூசாத செங்கல் சுவர், முன்னால் நீளத் திண்ணை. அம்மாவிடம் காட்டினேன்.

"இன்னாடா இது, ஓட்டு வூடா?"

"ஆமாம்மா, சில்லுனு இருக்கும்."

"கல்லு வுட்டானுங்கன்னா தாங்குமா?"

நான் வாயடைத்துப் போனேன். கூழ் ஊத்துகிற திருவிழாவில் ஒரு வருசம் தகராறு. ராத்திரி ஊர்ப்பக்கம் இருந்து காலனி மேல் கல் மழை. ஓட்டு வீடு வைத்திருந்தவர்கள்தான் அன்றைக்கு மாட்டிக்கொண்டார்கள். ஓடு உடைந்து விழுந்து எங்க பெரியம்மா மண்டை பிளந்தது. மெத்தை வீடு வைத்திருந்த ரெண்டே ரெண்டு குடும்பத்தின் வீட்டில்தான் குழந்தைகளை எல்லாம் அடைத்து வைத்தோம். அப்போது எனக்கு எட்டு வயசு. நானும் அந்த அறைக்குள் இருந்தவன். மறந்துவிட்டேன். அம்மா மறக்கவில்லை.

கூரைக்குச் சுமைக் கணக்குப் போட எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கட்டடத்தின் சொந்த எடை, ஆள் நடமாட்டம், காற்று, இத்தனைக்கும் கணக்கு உண்டு. ஊர்க்காரன் விடுகிற கல்லுக்கு எந்தப் பாடத்திலும் கணக்கு இல்லை. எங்கள் காலனியில் அது ஒரு சுமை. அதைக் கணக்கில் எடுக்காமல் வரைகிற வீடு எங்களுக்கு 'உள்ளூர் வீடு' ஆகாது.

காங்கிரீட் என்றால் எல்லாம் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் நுழைந்து வீட்டுக்குள் இருந்ததை எல்லாம் அடித்து நொறுக்கியது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டியில் 250க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தார்கள். அதில் கெட்டியான மெத்தை வீடுகளும் உண்டு. கூரை எரியாது, உள்ளே இருக்கிற பீரோவும் படிப்புச் சான்றிதழும் எரியும். நாம் தலைநிமிர்ந்து ஒரு வீடு கட்டினாலே அவனுக்குக் கண் உறுத்துகிறது. எரித்தது எதை என்று யோசித்துப் பாருங்கள், தோழர்களே. குடிசையை மட்டுமல்ல, குடிசையிலிருந்து மேலே வந்ததையும்.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலரோடு எனக்குச் சண்டை உண்டு. மண், ஓடு, சுண்ணாம்பு என்று பேச்செடுத்தாலே "காந்தியம், கிராமத்துக்குத் திரும்பச் சொல்ற சூழ்ச்சி" என்று முடித்துவிடுகிறார்கள். காங்கிரீட் என்றால் விடுதலை. இது சரியில்லை. மே மாசம் மத்தியானம் ஒரு காலனி வீட்டுக்குள் போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பிறகு பேசட்டும். தாழ்வான தளம், ஒற்றைச் செங்கல் சுவர், எதிரெதிராக ஜன்னல் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கும் மேலிருந்து அனல் இறங்கும். அதனால்தான் காலனியில் எல்லோரும் தெருவிலும் மாடியிலும் படுக்கிறோம். அது ஏதோ நம் 'கூட்டு வாழ்க்கைப் பண்பாடு' இல்லை. பெண்கள் எங்கே படுப்பது? வயசுக்கு வந்த பிள்ளை எங்கே துணி மாற்றுவது? இதையெல்லாம் யோசிக்காமல் ஒரே 'டைப் டிசைன்' படத்தை மாவட்டம் பூராவும் அச்சடித்துக் கொடுத்தால், அதுவும் ஒரு வகைச் சேரிதான். காங்கிரீட்டில் வார்த்த சேரி.

2024இல் அறிவித்த கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். பழைய திட்டங்களோடு ஒப்பிட்டால் பெரிது. 2010இல் கூரையை மாற்றித் தந்த திட்டத்தில் 200 சதுர அடிதான். மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போடுங்கள்: சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய்கூட வரவில்லை. அந்தச் சமயத்திலேயே எங்கள் பக்கம் காண்ட்ராக்ட்காரர்கள் சதுர அடிக்கு ரெண்டாயிரத்துக்குக் கீழே பேச மாட்டார்கள். மிச்சம் எங்கிருந்து வரும்? மகளிர் குழுக் கடன், நகை அடகு, வட்டி. கட்டி முடித்த வீட்டில் குடியிருப்பது பாதி நாம், பாதி கடன். அதனால் 'குறைந்த செலவில் கட்டுவது' நமக்கு அழகியல் கேள்வி அல்ல. கட்டடக்கலை பத்திரிகைகளில் அது ஒரு பாணி. நமக்கு அது தாலிக்கயிறு அடகுக்குப் போகுமா போகாதா என்பது.

அம்மா வீட்டுக்கு வருகிறேன். நான் ஒன்று சொல்ல, அம்மா ஒன்று சொல்ல, கடைசியில் ஒரு பேரம் படிந்தது. மேலே மெத்தைதான். ஆனால் அந்த மெத்தைக்குள்ளேயே ஓட்டை வைத்துவிடலாம் என்றேன். ஃபில்லர் ஸ்லாப் என்று பெயர், பேக்கர் நிறையச் செய்தது. தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே காங்கிரீட் சும்மா கிடக்கிறது. அந்தச் சும்மா கிடக்கிற இடத்தில் கம்பிக் கட்டங்களுக்கு நடுவே ரெண்டு ரெண்டு ஓடாக ஜோடி சேர்த்து வைத்து வார்த்தால் சிமெண்ட் மிச்சம், ஓட்டுக்குள் அடைபட்ட காற்று சூட்டைக் கொஞ்சம் தடுக்கும். கல்லும் ஒன்றும் செய்யாது. சுவருக்கு எலிப்பொறிக் கட்டு: செங்கலைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, நடுவே பொந்து விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவருக்குக் கால்வாசிச் செங்கல் மிச்சம்.

சொல்ல நன்றாக இருக்கிறது. செய்யப் போனால் தெரியும் கஷ்டம். எங்கள் பக்கத்துச் சூளைக் கல் ஒன்று போல ஒன்று இருக்காது. எலிப்பொறிக் கட்டுக்குக் கல் அளவு பிசகினால் சுவர் பாம்பு மாதிரி நெளியும். ரெண்டு லோடு கல்லில் அரை லோடைப் பொறுக்கி ஒதுக்கினோம். அப்பா காலத்து மேஸ்திரி ஒருவர், "நிக்கிற கல்லு மேல சுவுரு நிக்குமா" என்று கரணையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ரெண்டடி கட்டி, மேலே ஏறி நின்று குதித்துக் காட்டிய பிறகுதான் கரணையை எடுத்தார்.

அலுவலகத்திலோ வேறு கதை. எந்த அலுவலகம், எந்தத் திட்டம் என்று எழுதப் போவதில்லை. பில் போட வந்தவர் நம்ம ஆள்தான், கெட்டவரும் இல்லை. "தம்பி, ஸ்லாபுக்குள்ள ஓடு வச்சா எஸ்டிமேட்ல எங்க காட்டுறது? ஆடிட்ல நான் மாட்டிக்குவேன்" என்றார். பேஸ்மட்டத்துக்கு ஒரு தவணை, லிண்டலுக்கு ஒரு தவணை, கூரைக்கு ஒரு தவணை. தவணை நின்றால் வேலை நிற்கும், வேலை நின்றால் வட்டி நிற்காது. அதனால் பணிந்து போனோம். திட்டத்து அளவுக்கு உட்பட்ட முன்பகுதி அவர்கள் படத்தில் இருந்தபடியே. பின்னால் கடன் வாங்கிச் சேர்த்த ஒரு அறை மட்டும் எங்கள் இஷ்டத்துக்கு: பொந்துச் சுவர், ஓடு வைத்த தளம், எதிரெதிராக ரெண்டு ஜன்னல், தளத்துக்கு ஒட்டிக் கீழே சூடான காற்று வெளியேற ஓட்டைச் செங்கல் வரிசை. ஒரே வீட்டில் ரெண்டு வீடு. சோதனை போட்டுப் பார்க்க இதைவிட வசதி எந்த ஆய்வு நிலையத்துக்கும் கிடைக்காது. முதல் கோடையிலேயே கட்டில், டிவி, தையல் மிஷின், எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னறைக்கு நகர்ந்துவிட்டன. யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

அந்தத் தளத்துக்குள் வைத்த ஓடுகள் எங்கே வாங்கியது தெரியுமா? ஊர்த்தெருவில் ஒரு பெரிய வீட்டை இடித்தார்கள். தூணையும் கதவையும் புதுச்சேரிக்காரர்கள் வந்து விலை பேசி எடுத்துப் போனார்கள். ஓட்டை எவரும் சீண்டவில்லை. அடிமாட்டு விலைக்கு அள்ளி வந்தேன். அம்மா அந்த வீட்டில்தான் பதினஞ்சு வருசம் மாட்டுக்கொட்டாய் வேலை செஞ்சுது. டிராக்டரில் இருந்து இறக்கும்போது ஓட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு. "இந்த ஓட்டுக்குக் கீழ ஒரு நாளும் நின்னதில்ல. மழை பேஞ்சாலும் கொட்டாய்லதான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டு, தண்ணியில் ஊறப்போட வரிசையாக அடுக்க ஆரம்பிச்சுது.

பெரிய சண்டை பூச்சு வேலையில்தான் வந்தது. பூசாத செங்கல் சுவர் எவ்வளவு அழகு என்று நான் பிரசங்கம் பண்ணினேன். சென்னையில் பணக்காரர்கள் காசு கொடுத்துப் பூசாமல் விடுகிறார்கள் என்றேன். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவன் பூசாம வுட்டா பேஷன். நாம பூசாம வுட்டா காசில்லாம வுட்டதுன்னு சொல்லுவான். பூசு." இதற்கு நான் இன்றுவரை பதில் தேடுகிறேன். கிழிந்த பேண்ட் போடுகிற உரிமைகூட கிழியாத பேண்ட் வைத்திருக்கிறவனுக்குத்தான். அதோடு, அந்தச் செங்கல்லின் அழகு எங்கிருந்து வருகிறது என்றும் அம்மாவுக்குத் தெரியும். சின்ன வயசில் முன்பணத்துக்குச் சூளையில் கல் அறுத்த கை அது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. சூளைகளில் இருந்து ஆட்களை மீட்டார்கள் என்ற செய்தி அதற்குப் பிறகும் வருசா வருசம் வந்துகொண்டுதான் இருந்தது. மீட்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் இருளர்கள், நம் ஆட்கள். பூசாத சுவரைத் தடவிப் பார்த்து 'மண்ணின் உணர்வு' என்கிறவர்கள் அந்த மண்ணை மிதித்த காலையும் ஒருமுறை தடவிப் பார்க்கலாம். முன்பக்கம் பூசினோம், நீல வண்ணம் அடித்தோம். பின்னறை பூசாமல் இருக்கிறது. அதுவும் அழகுக்காக இல்லை, பணம் தீர்ந்துவிட்டது. ஆக, அம்மா சொன்னதுதான் நடந்தது.

இனி ஒரு விசயம், எந்தக் கட்டடக்கலைக் கூட்டத்திலும் கடைசி வரை வராதது. கக்கூஸ். வீட்டின் முகப்பை எலிவேஷன் என்கிறார்கள். அதற்குத் தனியாக முப்பரிமாணப் படம், கண்ணாடி, கிளாடிங், இரவில் விளக்கு. செப்டிக் டேங்க் எந்த அளவு, எந்த இடம், யார் எப்படிச் சுத்தம் செய்வது என்று கேளுங்கள். "அதை மேஸ்திரி பார்த்துப்பார்" என்பார்கள். மேஸ்திரி ஒரு பெரிய தொட்டியைக் கட்டி, மேலே ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு ஓட்டை வைத்து மூடுவார். ஏன் ஆள் இறங்குகிற அளவு? இறங்குவதற்கு ஒரு ஆள் இருக்கிறான் என்பது வரைபடத்திலேயே முடிவாகிவிட்டது. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். தொட்டியில் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்குப் 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறுகிறது. தொட்டியின் வடிவம் மாறவில்லை. கொலைக்கருவியை வரைகிறோம் என்று எந்தப் பொறியாளரும் நினைப்பதில்லை. நானும் எத்தனையோ வீட்டுக்கு அப்படி வரைந்து கொடுத்தவன்தான்.

இதற்கு மாற்று புதிதல்ல. ரெட்டைக் குழிக் கழிவறை பல வருசமாக இருக்கிறது. ஒரு குழி நிறைந்தால் மூடிவிட்டு அடுத்ததற்குத் திருப்பி விடுவது. மூடிய குழி ரெண்டு வருசத்தில் நாற்றமில்லாத எருவாகிவிடும். நிலத்தடி நீர் மேலேயே இருக்கிற இடத்துக்கு ஆகாது. மற்ற இடங்களில் செலவும் குறைவு. ஏன் பரவவில்லை? டயான் காஃபே, டீன் ஸ்பியர்ஸ் இருவரும் 2017இல் வந்த நூலில் இதை விரிவாக விவாதிக்கிறார்கள். வட இந்தியக் கிராமங்களில் சின்னக் குழி என்றால் சீக்கிரம் நிறைந்துவிடும், நிறைந்தால் அள்ளணும், அள்ளுவது 'அவங்க' வேலை. அதனால் ஒன்று பெரும் பள்ளமாகத் தோண்டுகிறார்கள், இல்லாவிட்டால் வயலுக்கே போகிறார்கள். ஒரு குழியின் ஆழத்தைச் சாதி நிர்ணயிக்கிறது. எங்கள் காலனியிலும் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள், அதையும் மறைக்க வேண்டாம். "எருவானாலும் அது அதுதானே" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். அம்மா வீட்டில் ரெட்டைக் குழி போட்டோம். 2021இல் முதல் குழியை மாற்றினோம். 2023இல் அதைத் திறந்து நானே மண்வெட்டியால் அள்ளி முருங்கைக்குப் போட்டேன். அண்ணன் தூர நின்று பார்த்தார். முருங்கைக்காய் மட்டும் வாங்கிப் போனார்.

நகரத்து 'நவீன பாணி' பற்றி அதிகம் எழுத எனக்குப் பொறுமையில்லை. வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி லிப்ட், தனிக் கழிவறை. படத்தில் 'சர்வீஸ்' என்று எழுதியிருக்கும். அந்தப் பழைய சந்து செங்குத்தாக நிற்கிறது, அவ்வளவே வித்தியாசம். நகரத்து ஏழைகளுக்கோ கண்ணகி நகர், பெரும்பாக்கம். கூவம் கரையில், வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே பெயர்த்து மாடி மாடியாக அடுக்குவதில் எந்த மரபு இருக்கிறது என்றால், ஊருக்கு வெளியே என்பதுதான் அந்த மரபு.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு எகிப்தில் ஒரு பழைய கதை உண்டு. ஹசன் ஃபாதி என்ற பெரிய கட்டடக்கலைஞர் 1940களில் குர்னா கிராமத்து மக்களுக்காக மண் செங்கல்லில் வளைவும் குவிமாடமுமாக ஒரு புது ஊரையே கட்டினார். பார்க்கக் கண் கொள்ளாது. மக்கள் குடியேற மறுத்தார்கள். பழைய கல்லறைகளை ஒட்டித்தான் அவர்கள் பிழைப்பு இருந்தது, அதை விட்டுப் போக மனமில்லை. குவிமாடம் அவர்களுக்குச் சமாதியை ஞாபகப்படுத்தியது என்றும் சொல்வார்கள். ஃபாதி கெட்டவர் இல்லை. எங்கம்மாவிடம் ஓட்டுக்கூரைப் படத்தை நீட்டிய நானும் கெட்டவன் இல்லை.

மாறாக, இந்தூரில் பாலகிருஷ்ண தோஷி 1980களில் செய்த ஆரண்யா குடியிருப்பு என்னை யோசிக்க வைத்தது. மனையும் அடித்தளமும் கழிவறையும் குழாயும் கொடுத்துவிட்டு மிச்சத்தை அவரவர் கைக்கு விட்டார். வீடு என்பது ஒரே நாளில் கட்டி முடிவதில்லை. மகனுக்குக் கல்யாணம் ஆனால் ஒரு அறை, மாடு வாங்கினால் ஒரு சாய்ப்பு என்று வளர்கிறது. ஆனால் வளர இடம் வேண்டுமே? காலனியில் ஒரு குடும்பத்துக்கு ரெண்டு சென்ட், மிஞ்சினால் மூணு சென்ட் பட்டா. மூணு சென்டில் முற்றம் வைப்பானா, மாடு கட்டுவானா, செத்தால் பிணத்தைக் கிடத்துவானா? ஊர்த்தெரு வீட்டின் முற்றத்துக்குள் எங்கள் முழு வீடும் அடங்கிவிடும். முற்றத்தின் அழகைப் பற்றிப் பேசுகிற தோழர்கள் 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் எங்கே போனது என்றும் சேர்த்துப் பேச வேண்டும். நிலம் இல்லாதவனுக்குக் கட்டடக்கலை வெறும் கூரைக்கலை.

அம்பேத்கர் 1930களில் பம்பாய் தாதரில் ராஜகிருகம் கட்டியபோது தன் புத்தகங்களை மனதில் வைத்துக் கட்டினார். கடன்பட்டு ஓடித் திரிந்த மனிதர், வீடு என்றதும் முதலில் நினைத்தது புத்தகத்துக்கான இடத்தை. நம் டைப் டிசைன் படங்களில் பூஜை மாடம் இருக்கிறது, டிவி வைக்கத் திட்டு இருக்கிறது. பிள்ளை உட்கார்ந்து படிக்க ஒரு இடம் எந்தப் படத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? பின்னறை ஜன்னலுக்குக் கீழே சுவரோடு சேர்த்து மூணடிக்கு ஒரு திட்டு கட்டி, பக்கத்தில் ரெண்டு மாடக்குழி விட்டேன். திண்ணையை உள்ளே இழுத்து வைத்த மாதிரி. செலவு முப்பது செங்கல், அரை மூட்டை சிமெண்ட். அக்கா மகள் அதில் உட்கார்ந்துதான் பன்னிரண்டாவது முடித்தாள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள். விடுமுறையில் வந்தால் அந்தத் திட்டு மேல் அம்மா காய வைத்திருக்கிற வத்தலை யார் எடுப்பது என்று ரெண்டு பேருக்கும் சண்டை.

எங்கள் காலனியில் அடுத்து நாலு வீடு எழும்பப் போகிறது. நாலு பேரும் மெத்தைதான் கேட்கிறார்கள். ரெண்டு பேர் உள்ளே ஓடு வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள், ஒருவர் ரெட்டைக் குழிக்கும். பில் போடுகிறவர் மாறிவிட்டார். புதியவரிடம் படத்தையும் பின்னறையையும் காட்டப் போகிறோம், ஒத்துக்கொள்வாரா தெரியாது. டிப்ளமோ, பொறியியல் படிக்கிற நம் பிள்ளைகள் பொங்கல் லீவுக்கு வந்தால் கடக்கால் தோண்டும் நாளிலிருந்தே கூட நிற்கலாம். வரும்போது அளவு நாடாவும் ரசமட்டமும் கொண்டுவாங்க. எங்கள்ட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, அதுவும் குமிழி நகர மாட்டேங்குது.